கதிர் பொறுக்குவோரும் கண்மூடிய இரசனையும்

மூன்று பெண்கள் அறுவடை முடிந்த வயலில் குனிந்து நிற்கும் ஓவியம் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே 1857இல் தீட்டி முடித்தது. 'கதிர் பொறுக்கும் பெண்கள்' என்பது அதன் பெயர். இன்று பாரிஸ் மாநகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருவப் படங்களைச் சுவரில் மாட்டிவைக்கும் வழக்கமில்லாத இல்லங்கள் நம்மிடையே பல. ஆயினும் கலை வரலாற்று நூல்களிலும், நாட்காட்டிகளிலும், வாழ்த்து அட்டைகளிலும் அச்சாகி இவ்வோவியம் உலகெங்கும் உலவியிருக்கிறது. நம் பிள்ளைகளின் கண்ணிலும் அது எங்கேனும் பட்டிருக்கும்.

அதைக் கண்டவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றே: "ஆகா, என்ன அமைதி! கிராமத்து வாழ்க்கையில்தான் எவ்வளவு நிறைவு!" கலையை அறிந்தவர் என்று தம்மைக் கருதிக்கொள்வோரும் இதையே வேறு சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொன்னிற வயல் என்பர்; மாலை வெயில் என்பர்; உழைப்பின் கவிதை என்பர்.

இந்தப் பாராட்டை நாம் மறுக்கிறோம். இவ்வோவியத்தை இகழ்வதற்காக மறுக்கவில்லை. அதன் மேல் கொண்ட மதிப்பினாலேயே மறுக்கிறோம். வறுமையைப் பார்த்து 'அழகு' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும் கண், அந்த வறுமைக்கு எதிரே இருக்கும் செல்வத்தைப் பாராமலிருக்கப் பழகிய கண். அப்படிப்பட்ட கண்ணுக்காக மில்லே இதைத் தீட்டவில்லை.

படத்தில் இருப்பது என்ன?

முதலில் படத்தை நிதானமாகப் பார்ப்போம். இடப்புறம் நீலத் தலைத்துணி கட்டிய பெண். ஒரு கை தரையை நோக்கி நீண்டிருக்கிறது. மற்றொரு கை முதுகின்மேல் மடிந்து, அதுவரை பொறுக்கிய தாள்களைப் பற்றியிருக்கிறது. நடுவில் சிவப்புத் தலைத்துணி கட்டியவள். அவள் விரல்கள் மண்ணைத் தொடுகின்றன. வலப்புறம் நிற்பவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். நிமிர்ந்தாள் என்று சொல்வதற்கும் இல்லை, மீண்டும் குனியப்போகிறாள் என்பதற்கும் ஐயமில்லை. மூவருடைய முகங்களையும் நாம் சரியாகக் காண முடியாது. பொறுக்கிய கதிரைப் போட்டுக்கொள்ள இடுப்புத் துணியை மடித்துப் பை போலக் கட்டியிருக்கிறார்கள்.

இனி, அவர்களுக்குப் பின்னே பார்க்க வேண்டும். அங்கேதான் நம் இரசிகர்கள் பார்ப்பதில்லை. தொலைவில் மலைபோலக் குவிந்த கதிர்ப் போர்கள். மேலும் ஏற்ற இடமில்லாதபடி கதிர்க்கட்டுகள் ஏற்றிய வண்டி. கூட்டமாக வேலை செய்யும் அறுவடையாட்கள். வலப்புறத்தில், வீடுகளுக்கு அருகே, குதிரைமேல் ஒரு மனிதன். அவன் குனியவில்லை, எதையும் எடுக்கவில்லை, மேற்பார்வை செய்கிறான். எவ்வளவு சிறியதாகத் தீட்டப்பட்டிருந்தாலும் அந்தக் குதிரைக்காரனை ஓவியத்திலிருந்து நீக்கிவிட்டால் ஓவியத்தின் பொருளே மாறிவிடும்.

ஒளி எங்கே விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நம் அன்பர்கள் புகழும் அந்தப் பொன்னொளி இம்மூன்று பெண்களின் மேல் பொழியவில்லை. அது தொலைவிலுள்ள போர்களின் மேலும் வண்டியின் மேலும் பரவிக் கிடக்கிறது. தானியம் எங்கே சென்றதோ ஒளியும் அங்கே சென்றது. முன்னால் நிற்பவர்களுக்கு எஞ்சியவை நிழலும் தாளடியுமே. குனிந்த இருவரின் தலைகளும் தொடுவானத்துக்குக் கீழேயே நிற்கின்றன. நிலம் அவர்களை விடுவதாக இல்லை.

இது தற்செயலாக அமைந்தது என்று எவரேனும் சொல்வாரெனில், மில்லேயின் பிறப்பையும் வளர்ப்பையும் அவர் அறியமாட்டார் என்போம். 1814இல் நார்மண்டிக் கடற்கரையோரத்துக் குரூசி என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையில் தந்தையோடு வயலில் உழைத்தவர். பின்னர் ஷெர்பூர் நகரிலும், 1837 முதல் பாரிஸிலும் ஓவியம் பயின்றார். 1849இல், தலைநகரில் வாந்திபேதி பரவிய காலத்தில், மனைவி மக்களோடு ஃபோந்தேன்புளோ காட்டின் ஓரத்திலுள்ள பார்பிசோன் என்னும் சிற்றூருக்குக் குடியேறி, 1875இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். கதிர் பொறுக்குவோரை அவர் பார்பிசோனை அடுத்த சமவெளியில் கண்ணாரக் கண்டவர். வயலின் வலி தெரியாமல் நகரத்து மாடியிலிருந்து கிராமத்தைக் கற்பனை செய்தவர் அல்லர்.

பகைவர் கண்ட உண்மை

1857இல் பாரிஸ் 'சலோன்' என்னும் பெருங் கலைக்காட்சியில் இவ்வோவியம் வைக்கப்பட்டது. அரசின் ஆதரவில் நடந்த அக்காட்சிக்குச் செல்வரும் அதிகாரிகளும் திரண்டு வருவார்கள். அன்று இதைக் கண்டவர்களில் பலர் 'என்ன அமைதி' என்று சொல்லவில்லை, அஞ்சினார்கள், சினந்தார்கள். போல் தெ சேன் விக்தோர் என்னும் விமரிசகர் இம்மூவரையும் வறுமையின் விதித் தேவதைகள் என்று ஏளனம் செய்தார். மனிதரின் ஆயுள் நூலை நூற்று, அளந்து, அறுக்கும் மூன்று பெண்களைப் பற்றிய பழைய புராணத்தை மனத்திற்கொண்டு அப்படிச் சொன்னார். இன்னொரு விமரிசகருக்கோ இப்பெண்களின் பின்னால் மக்கள் கிளர்ச்சியின் ஈட்டிகளும், 1793ஆம் ஆண்டின் தூக்குமேடைகளும் தெரிந்தன.

குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று ஏழைகளைக் கண்டு ஏன் இத்தனை அச்சம்? காரணம் இருந்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் பிரான்சின் அரியணை கவிழ்ந்தது. வயதுவந்த ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அதுவரை கணக்கில் சேராத குடியானவன் ஒரே நாளில் நாட்டின் விதியைத் தீர்மானிப்பவனானான். பின்னர் 1851இல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றி அடுத்த ஆண்டே பேரரசராக முடிசூட்டிக்கொண்டாலும், உடைமையுள்ளோரின் நெஞ்சில் அந்த அச்சம் ஆறவில்லை. வரலாற்று மாந்தருக்கும் சமயக் காட்சிகளுக்கும் உரிய பெருமிதத்தோடு, ஒரு கெஜத்துக்கும் அதிகமான அகலமுள்ள துணியில், பெயரில்லாத ஏழைப் பெண்கள் முன்வந்து நின்றபோது, அவர்களுக்குப் பின்னாலிருந்த போர்களின் சொந்தக்காரர்கள் தங்களையே படத்தில் கண்டுகொண்டார்கள்.

அந்த விமரிசகர்கள் மில்லேக்கு அநீதி செய்தவர்கள், ஐயமில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்று வாழ்த்து அட்டையில் இப்படத்தை அச்சிட்டு 'கிராமிய எழில்' என்று மகிழ்பவனைவிட, அன்று இதைக் கண்டு முகம் சுளித்தவன் ஓவியத்தை நேர்மையாகப் படித்தான். இது ஒரு குற்றச்சாட்டு என்பது அவனுக்குப் புரிந்தது. குற்றச்சாட்டு தன்மேல்தான் என்பதும் புரிந்தது. பகைவனுக்குப் புரிந்த ஒன்றை நண்பன் மறந்துவிட்டான்.

பரிசு பெற்ற வறுமை

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1859இல், இதே சலோனில் இதே பொருளில் வேறோர் ஓவியம் வந்தது. ழூல் பிரேதோன் என்பவர் தீட்டிய 'கதிர் பொறுக்குவோர் திரும்பும் நேரம்'. பிரேதோனும் கைதேர்ந்த ஓவியர். தம் பிறந்த ஊரான கூரியேரின் வயல்களையே தீட்டினார். அவரைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த வறுமையை அரண்மனை விரும்பியது என்பது விளங்கிவிடும்.

பிரேதோனின் பெண்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். சூரியன் மறைகிறது, வானில் பிறை தெரிகிறது. வெறுங்காலோடு, கதிர்க்கட்டைச் சுமந்து, பழங்காலச் சிற்பங்களைப் போல ஒயிலாக வருகிறார்கள். கந்தல் அணிந்திருந்தாலும் அரசிகள் போன்ற தோற்றம். இந்த ஓவியத்துக்குப் பரிசு கிடைத்தது. பேரரசரின் அரண்மனை அதை வாங்கிக்கொண்டது. பின்னர் பொதுக் காட்சிக்கூடத்துக்கும் வழங்கியது. மில்லேக்குக் கிடைத்தவை ஏச்சும், சொற்ப விலையும்.

ஏழை நிமிர்ந்து அழகாக நடந்தால் செல்வனுக்கு நிம்மதி. 'இவர்களுக்கு என்ன குறை?' என்று அவன் கேட்டுக்கொண்டு உறங்கப் போகலாம். ஏழை குனிந்தே இருந்தால், ஏன் குனிந்தான் என்ற கேள்வி எழும். வறுமையை அலங்கரித்துக் காட்டும் கலைக்கு எக்காலத்திலும் வாங்குவோர் உண்டு. வருந்தத்தக்கது யாதெனில், நம் இரசிகப் பெருமக்கள் மில்லேயின் ஓவியத்தையும் பிரேதோனின் ஓவியமாக ஆக்கிப் பார்க்கிறார்கள் என்பதே. குனிந்த முதுகை ஒயிலாகவும், பசியை அமைதியாகவும் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள்.

பிரேதோனின் ஓவியத்திலும் ஓர் உண்மை மறைக்க முடியாமல் நிற்கிறது. இடப்புறத்தில் ஊர்க் காவலன் ஒருவன் கல்லில் சாய்ந்து, வாயருகே கைகுவித்துக் கூவுகிறான். பொழுது சாய்ந்தது, வெளியேறுங்கள் என்கிறான். அந்தக் கூவலுக்குப் பின்னே ஒரு சட்டம் இருந்தது.

உரிமையா, தயவா?

இங்கேதான் நம் வாசகர்கள் நன்கு சிந்திக்க வேண்டும். கதிர் பொறுக்குதல் என்பது நமக்கு விளக்கவுரை தேவைப்படாத சொல். அறுவடைக்குப் பின் சிந்திக் கிடப்பதை வகையற்றவர்கள் சேர்த்துக்கொள்வது. ஆனால் அது நிலக்காரரின் தயவா, அவர்களுடைய உரிமையா?

பிரான்சில் இரண்டாம் ஹென்றி மன்னன் 1554இல் பிறப்பித்த ஆணை இதை உரிமையாக ஏற்றது. முதியோர், உடற்குறையுள்ளோர், சிறுவர், அறுவடை செய்ய வலுவில்லாதவர் ஆகியோர் கதிர்க்கட்டுகள் அகற்றப்பட்டபின் வயலில் இறங்கலாம் என்றது. அதே மூச்சில் வேலியும் போட்டது. பின்னர் 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும், விளைச்சல் முழுவதும் அகற்றப்படாத வயலில் பொறுக்குவோருக்கும், சூரியன் எழுமுன்னும் சாய்ந்தபின்னும் பொறுக்குவோருக்கும் தண்டம் விதித்தது. செல்வனின் களஞ்சியத்துக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஏழையின் மடிக்கு உண்டு. மில்லேயின் பெண்கள் ஏன் நிமிரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. பொழுது சாய்வதற்குள் பொறுக்கியாக வேண்டும்.

இந்த உரிமையின் வேர் மன்னர் ஆணைக்கும் முற்பட்டது. வயலின் ஓரங்களை முற்றாக அறுக்காமலும், சிந்தியதைத் திரும்ப எடுக்காமலும் எளியவர்க்கு விட்டுவிடவேண்டும் என்பது தௌராத்தின் கட்டளை. அதன்படி வயலுக்கு வந்து கதிர் பொறுக்கிய ரூத் என்னும் பெண்ணின் வரலாறு பைபிளில் உள்ளது. அக்கதையை மனத்திற்கொண்டு மில்லே 1853இல் ஓர் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார். நம் திருமறையும் அறுவடை நாளிலேயே அதன் ஹக்கைக் கொடுத்துவிடுமாறு அல்அன்ஆம் அத்தியாயத்தில் ஏவுகிறது. ஏழைகள் வந்துவிடுமுன் விடியலிலேயே கனிகளைப் பறித்துவிடச் சதி செய்த தோட்டக்காரர்கள், விடிந்தபோது தோட்டமே அழிந்து கிடக்கக் கண்ட வரலாறு அல்கலம் அத்தியாயத்தில் இருப்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். விளைச்சலில் எளியவனுக்குள்ள பங்கு, கொடுப்பவன் மனம் இரங்கிப் போடும் பிச்சை அன்று. அது அவனுக்குச் சேரவேண்டிய ஹக்கு. இவ்வளவும் படித்துவிட்டு மில்லேயின் ஓவியத்தின் முன் நின்று 'என்ன அமைதி' என்று சொல்வது நமக்குப் பொருந்துமா?

ஒருவர் கேட்கலாம்: "உரிமைதான் கிடைத்துவிட்டதே, பிறகு என்ன குறை?" குறை அளவில் இருக்கிறது. பின்னால் வண்டி வண்டியாகப் போகிறது; முன்னால் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்கிறது. அந்தக் கைப்பிடியையும் இந்தப் போரையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்துக் காட்டியதே மில்லேயின் துணிவு. குதிரைமேல் இருப்பவன் கொடியவன் என்று அவர் தீட்டவில்லை. அவன் சவுக்கை ஓங்கவில்லை, எவரையும் விரட்டவில்லை. கொடியவன் எவனும் இல்லாமலேயே இந்த நிலை நிலவுகிறது என்று காட்டியதுதான் ஓவியத்தின் கடுமை.

ஓவியன் புரட்சிக்காரனா?

நம் கருத்தை மறுப்போர் கையில் ஒரு வலுவான ஆயுதம் உண்டு. அதை மறைக்காமல் முன்வைக்கிறோம். மில்லே தம்மைச் சமதர்மவாதி என்று அழைத்ததை ஏற்கவில்லை. கலையில் மனிதப் பக்கமே தம்மைத் தொடுகிறது என்று நண்பருக்கு எழுதினார். கட்சி எதிலும் சேர்ந்தவரல்லர். "அவரே மறுத்ததை நீங்கள் ஏன் அவர் தலையில் கட்டுகிறீர்கள்?" என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானது. மில்லேயின் கையில் கொடியைக் கொடுக்க நாம் முனையவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்பவனுக்குக் கொடி தேவையில்லை என்பதே நம் விடை. சாட்சி சொல்ல வந்தவன் வழக்கறிஞனாக இருக்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பொய் சொல்லாதவனாக இருந்தால் போதும். 1863இல் அவர் காட்சிக்கு வைத்த 'மண்வெட்டி மனிதன்' என்னும் ஓவியத்தில், கட்டாந்தரையைக் கொத்திக் களைத்து, மண்வெட்டியின்மேல் சாய்ந்து மூச்சுவிடும் ஒருவனைக் காண்கிறோம். அதையும் எதிர்த்தார்கள். அதற்கும் அவர் தாம் கண்டதையே தீட்டியதாகத்தான் விடை சொன்னார். சாட்சி கட்சி சாராதவன் என்பதால் சாட்சியம் வலுக்கிறதேயன்றி வலுவிழப்பதில்லை.

ஓவியனும் கதிர் பொறுக்கினான்

இவ்வோவியத்தின் பிற்கால வரலாறே நம் வாதத்துக்குச் சான்று. மில்லே இதை ஏறத்தாழ 3,000 பிராங்குக்கு விற்றதாகச் சொல்வார்கள். பிள்ளைகள் ஒன்பது பேர், கடன் சுமை, கிடைத்ததை ஏற்கவேண்டிய நிலை. அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 1889இல், அதே ஓவியம் 3,00,000 பிராங்குக்குக் கைமாறியது. வாங்கியவர் மதுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய பொம்மரி அம்மையார். அவர் மறைந்தபோது, 1890இல், அது லூவர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அதே 1889இல் அவருடைய இன்னோர் ஓவியமும் ஏலத்துக்கு வந்தது. மாலை மணியோசை கேட்டு உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஆணும் பெண்ணும் தலைகவிழ்ந்து நிற்கும் 'ஏஞ்சலுஸ்' அது. ஏலம் 5,53,000 பிராங்கு வரை ஏறியது. ஓவியம் அமெரிக்கா சென்றது. பெருங் கடை முதலாளி ஷோஷார் 1890இல் அதை வாங்கிப் பிரான்சுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். இத்தனை கைமாற்றங்களிலும், தீட்டியவரின் குடும்பத்துக்கு ஒரு காசும் கொடுக்கவேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை. உழவரின் வறுமையைத் தீட்டியவனின் உழைப்பும் வண்டி வண்டியாக வேறு களஞ்சியங்களுக்குப் போயிற்று.

பின்னர் 1920இல், ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று பிரான்சு சட்டம் இயற்றியது. அதற்காக வாதாடியவர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்ன கதைகளில் மில்லேயின் கதை தலையாயது. அந்தப் பங்கு யாது? அறுவடையானபின் வயலில் கிடைக்கும் சிறு கதிரே அல்லவா? கதிர் பொறுக்குவோரைத் தீட்டியவனின் இனத்தாருக்குக் கதிர் பொறுக்கும் உரிமை சட்டத்தால் கிடைத்தது, அவன் இறந்து 45 ஆண்டுகளுக்குப் பிறகு!

பழங்கதை என்று சொல்வோருக்கு

"இதெல்லாம் குதிரை வண்டிக் காலத்துக் கதை" என்று தள்ளிவிடுவோரும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். 2000ஆம் ஆண்டில் ஆக்னெஸ் வார்தா என்னும் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் தம் கையில் சிறு கருவியை ஏந்தி, மில்லேயின் நாட்டிலேயே கதிர் பொறுக்குவோரைத் தேடிப் புறப்பட்டார். எந்திரம் அறுத்த வயல்களிலும், அளவுக்குப் பொருந்தாதவை என்று கொட்டப்பட்ட உருளைக்கிழங்குக் குவியல்களிலும், சந்தை கலைந்த தெருக்களிலும் அவர்களைக் கண்டார். தலைத்துணி மாறிவிட்டது, வண்டி மாறிவிட்டது, குனிதல் மாறவில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. அடுத்த முறை இந்தப் படம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைக்கு வரும்போது, "எவ்வளவு அழகு பார்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொலைவிலுள்ள போர்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு அப்பெண்ணின் கையிலுள்ள கதிர்களை எண்ணச் சொல்லுங்கள். குதிரைமேல் இருப்பவன் யாரென்று கேளுங்கள். பிள்ளை விடையைத் தானே கண்டுகொள்ளும். அதன்பின் அது அந்த ஒளியையும் வயலையும் அழகென்று சொல்லுமானால், அந்தச் சொல்லை நாம் மனமார ஏற்போம்.